பைக்கின் மூக்கை அறுக்கலாமா?

முகூர்த்த நாளில் திருவந்திபுரம் போனவர்களுக்குத் தெரியும். தேவநாத சுவாமி கோயிலைச் சுற்றி ஒரே காலையில் எத்தனை கல்யாணம் நடக்கிறது என்று எண்ணவே முடியாது. ஒரு பக்கம் தாலி கட்டிக்கொண்டிருப்பார்கள், இன்னொரு பக்கம் அடுத்த மாப்பிள்ளை மாலையோடு காத்திருப்பார். சாலை முழுக்க வேனும் பைக்கும்.

அப்படி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோதுதான் என் அக்கா மகன் பந்தி முடிந்ததும் காதருகே வந்தான்.

"மாமா, ஒரு ஆக்ஸா பிளேடு வேணும். வீட்ல இருக்கா?"

எதுக்குடா என்றேன். செல்போனை நீட்டினான். அதில் ஒரு வீடியோ. ஒருவர் பைக் சீட்டைக் கழற்றுகிறார். உள்ளே இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியின் மூடியைச் சதுரமாக அறுக்கிறார். பிறகு ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறார். வண்டி 'பூம்' என்று உறுமுகிறது. அவ்வளவுதான் வீடியோ.

"கம்பெனிக்காரன் வேணும்னே வண்டியோட மூச்சைக் கட்டி வச்சிருக்கான் மாமா. அந்தப் பிளாஸ்டிக்கை எடுத்துட்டா ரெண்டு மூணு ஹெச்.பி. ஏறும்னு எல்லாரும் சொல்றாங்க."

அவனிடம் இருப்பது 200 சி.சி. 'டூயல் ஸ்போர்ட்' பைக். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தார் ரோட்டிலும் ஓட்டலாம், மண் பாதையிலும் ஓட்டலாம் என்கிற ரகம். வார நாளில் அதில்தான் வேலைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேப்பர் மலைச் செம்மண்ணிலோ, சில்வர் பீச் மணலிலோ உருட்டிக்கொண்டிருப்பான். சமீபமாக வண்டி முன்போல இழுக்கவில்லை என்ற குறை அவனுக்கு.

"அறுக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட காட்டிடலாம்" என்று மட்டும் சொன்னேன். அந்த வாரம் கடலூரில் எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவரிடம் போனோம். அங்கே கற்றுக்கொண்டதும், அதன் பிறகு தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. வீட்டில் பைக் பிரியர்கள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

100 பேரின் மூச்சு

இன்ஜின் பெட்ரோலில் ஓடுகிறது என்கிறோம். உண்மையில் அது குடிக்கும் பெட்ரோலைவிடச் சுவாசிக்கும் காற்றுதான் பல மடங்கு அதிகம். 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். கன அளவில் பார்த்தால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. திருவந்திபுரத்தில் இருந்து சிதம்பரம் சுமார் 50 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 தரும் பைக் அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் ஒரு தண்ணீர் லாரி கொள்ளும் அளவுக்குக் காற்றை உள்ளே இழுத்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 200 சி.சி. இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுக்கிறது. நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றும்போது அது 4,000 முறை. ஒவ்வொரு முறையும் 200 மில்லி என்றால், நிமிடத்துக்கு அதிகபட்சம் 800 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறான். ஆக, கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் 100 பேரின் மூச்சை அந்தச் சின்ன இன்ஜின் ஒற்றை ஆளாக இழுக்கிறது.

இத்தனை காற்றும் நுழைவது அந்தக் கறுப்புப் பெட்டி வழியாகத்தான். அதன் பெயர் ஏர் பாக்ஸ். பெட்டியின் வாயில் ஒரு குறுகலான ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அது ஸ்நார்க்கல். எங்கள் மெக்கானிக் அண்ணன் அதை 'மூக்கு' என்றுதான் சொல்கிறார். பெட்டிக்குள் ஃபில்டர். அதைத் தாண்டினால் த்ராட்டில் பாடி அல்லது கார்புரேட்டர். அதற்கப்புறம் இன்ஜின்.

மூக்கு குறுகலாக இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் தோன்றும், இதைப் பெரிசாக்கினால் என்ன என்று. கேள்வி நியாயமானதுதான். பதில்தான் அவ்வளவு நேராக இல்லை.

இந்த ஐடியா எங்கிருந்து வந்தது?

அறுத்தவர்கள் எல்லோரும் முட்டாள்கள் அல்ல. அமெரிக்காவில் டூயல் ஸ்போர்ட் பிரியர்களிடையே மிகப் பிரபலமான பைக் ஒன்று, 2000-ம் ஆண்டு வாக்கில் வந்த சுசுகி டி.ஆர்.இசட் 400 எஸ். அதன் ஏர் பாக்ஸ் மூடியில் ஸ்நார்க்கலை எடுத்துவிட்டு 3 அங்குலத்துக்கு 3 அங்குலம் சதுரமாக ஓட்டை போடுவார்கள். அதற்கு '3-க்கு 3' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதைச் செய்தவர்கள் வண்டி நன்றாக இழுப்பதாகச் சொன்னதும் உண்மைதான்.

ஆனால், பலர் பார்க்கத் தவறும் இரண்டாவது பாதி ஒன்று உண்டு. அது கார்புரேட்டர் வண்டி. அங்கே வெளியே விற்கப்பட்ட வண்டிகள் புகை விதிகளுக்காகக் கொஞ்சம் பெட்ரோல் குறைவாகவே கலக்கும்படி டியூன் செய்யப்பட்டிருந்தன. ஓட்டை போட்டவர்கள் அதோடு நிற்கவில்லை. கார்புரேட்டரைப் பிரித்து, பெரிய ஜெட் போட்டு, ஊசியின் உயரத்தை மாற்றி, பல நேரம் சைலன்ஸரையும் மாற்றினார்கள். காற்று கூடினால் அதற்கேற்பப் பெட்ரோலும் கூட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பலன் வந்தது இந்த மொத்த வேலையாலும்தான். நம் ஊர் வீடியோக்களுக்கு வந்து சேர்ந்தது ஓட்டை மட்டும்.

அந்தச் சுசுகியே இப்போது மாறிவிட்டது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய மாடல் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி.

நம் நாட்டுக் கதையையும் பார்த்துவிடலாம். 2011-ல் ஹீரோ இம்பல்ஸ் வந்தது. அவ்வளவாக விற்கவில்லை. 2016-ல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வந்தது. 411 சி.சி., சுமார் 24 குதிரைத்திறன், தமிழ்நாட்டில் தயாரான வண்டி. முதலில் கார்புரேட்டரோடு வந்து, அடுத்த ஆண்டே இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. 2018-ல் ஓசூர் டி.வி.எஸ். ஆலையில் தயாரான பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஜி.எஸ். இங்கே விற்பனைக்கு வந்தது. 2019-ல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வந்த பிறகு, நடுத்தரக் குடும்பத்துப் பையன்களும் இந்த ரக பைக்கைக் கனவு காண முடிந்தது. 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி வந்ததும் இந்த ரகத்தில் கார்புரேட்டருக்கு வேலையே இல்லாமல் போனது.

டேப்பைக் கால்வாசி திறந்துவிட்டு...

மெக்கானிக் அண்ணன் மருமகனிடம் முதலில் கேட்ட கேள்வி இதுதான்.

"தம்பி, நீ ஃபுல் த்ராட்டில்ல ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் ஓட்டுவ?"

அவன் யோசித்துவிட்டு, "ஓவர்டேக் பண்றப்ப மட்டும்ணே" என்றான்.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டர் கால்வாசிதான் திறந்திருக்கும். அப்போது காற்றைத் தடுப்பது த்ராட்டிலில் இருக்கும் வட்டமான தகடு. நாம் தான் அதை மூடி வைத்திருக்கிறோம். மாடித் தொட்டியில் இருந்து வரும் குழாயைப் பெரிசாக்கிவிட்டு, கீழே டேப்பைக் கால்வாசி மட்டும் திறந்தால் தண்ணீர் கூடுதலாகவா வரும்? பெட்டியை அறுப்பதால் வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் ஆக்ஸிலேட்டர் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இன்ஜினும் உச்ச வேகத்தில் சுற்ற வேண்டும். கடலூர் டிராஃபிக்கில் அதற்கு ஏது இடம்?

அப்போதும்கூட மூக்கு ஒன்றுதான் தடை என்று சொல்லிவிட முடியாது. த்ராட்டில் பாடியின் அளவு, வால்வு எவ்வளவு திறக்கிறது, சைலன்ஸருக்குள் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எல்லாமே ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அமைக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் பெரிசாக்கினால் அடுத்தது தடுக்கும்.

"அப்ப அந்த வீடியோவுல சத்தம் அப்படி வந்துச்சே?" என்றான் இவன்.

"சத்தம்தான் வந்துச்சு" என்றார் அண்ணன்.

இன்ஜின் காற்றை இழுக்கும்போது எழும் உறுமலை அடக்குவது ஏர் பாக்ஸின் முக்கிய வேலைகளில் ஒன்று. மூடியை எடுத்தால் அந்த உறுமல் நேராக நம் தொடைக்கு நடுவிலிருந்து காதுக்கு வரும். சத்தம் கூடினால் வேகம் கூடியதுபோல மனசுக்குப் படும். உண்மையா என்று சொல்ல வேண்டியது டைனோ இயந்திரம். பின் சக்கரத்தை உருளை மேல் சுழலவிட்டு சக்தியை அளப்பார்கள். மாற்றத்துக்கு முன்பும் பின்பும் அதில் ஏற்றிப் பார்க்காமல், '3 ஹெச்.பி. ஏறியது' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை.

நாகஸ்வரமும் ஏர் பாக்ஸும்

காலியான சோடா பாட்டில் வாயில் ஊதினால் 'பூ...' என்று ஓர் ஒலி வரும். பாட்டிலின் கழுத்தும் வயிறும் சேர்ந்துதான் அந்த ஒலியைத் தீர்மானிக்கின்றன. கல்யாண வீட்டு நாகஸ்வரத்திலும் இதே சங்கதிதான். விரல்கள் துளைகளை மூடித் திறக்கும்போது குழலுக்குள் அதிரும் காற்றின் நீளம் மாறுகிறது, அதனால் சுரம் மாறுகிறது.

இன்ஜின் காற்றைத் தொடர்ச்சியாக இழுப்பதில்லை. வால்வு திறந்து மூட, காற்று துடித்துத் துடித்துத்தான் உள்ளே போகிறது. அந்தத் துடிப்பால் குழாய்க்குள் அலைகள் எழும். அலை சரியான நேரத்தில் வால்வு வாசலுக்கு வந்து சேர்ந்தால், கூடக் கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளிவிடும். ஸ்நார்க்கலின் நீளம், விட்டம், பெட்டியின் கொள்ளளவு எல்லாவற்றையும் இதற்காகக் கணக்குப் பார்த்துத்தான் வைக்கிறார்கள். டூயல் ஸ்போர்ட் பைக்கில் பெரும்பாலும் குறைந்த வேகத்தில் நல்ல இழுவை கிடைக்கும்படி அமைப்பார்கள். மணலில், சேற்றில், மேட்டில் ஏற அதுதான் தேவை. பெட்டியை அறுத்தால் உச்ச வேகத்தில் ஏதோ கொஞ்சம் கிடைத்தாலும், கீழே இருக்கும் இழுவை போய்விடலாம். கேப்பர் மலை ஏற்றத்தில் திணறும்போதுதான் போனது என்னவென்று தெரியும்.

பெட்டியையே தூக்கி எறிந்துவிட்டு, கூம்பு வடிவ ஃபில்டரை நேராக மாட்டுபவர்களும் உண்டு. அது சீட்டுக்கு அடியில், இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெந்த காற்றை இழுக்கும். காற்றின் வெப்பம் 3 டிகிரி ஏறினால் அதன் அடர்த்தி சுமார் 1 சதவீதம் குறையும். நம் ஊர் மே மாத வெயிலில் இது லாபமா நஷ்டமா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் சமாளிக்காதா?

இன்ஜெக்‌ஷன் வண்டியில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று முடிவு செய்வது ஈ.சி.யூ. என்ற குட்டிக் கம்ப்யூட்டர். காற்றின் அழுத்தம், வெப்பம், ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பல சென்ஸார்கள் அதற்குத் தகவல் சொல்கின்றன. சைலன்ஸர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்ஸார், எரிந்த புகையை முகர்ந்து பார்த்து 'பெட்ரோல் கூடுதல்', 'குறைவு' என்று திருத்தும். லடாக்கின் உயரத்தில் காற்று பாதியளவுக்கு மெலிந்துவிட்ட இடத்திலும் இந்த வண்டிகள் ஓடுவது இதனால்தான்.

அதனால் ஸ்நார்க்கலை மட்டும் எடுத்தால் வரும் சிறு மாற்றத்தை ஈ.சி.யூ. ஓரளவு சமாளித்துவிடும். பெரிதாக எதுவும் கெடாது, பெரிதாக எதுவும் கிடைக்கவும் செய்யாது. சிக்கல் பெரிய ஓட்டையில்தான். ஆக்ஸிஜன் சென்ஸாரின் திருத்தம் பெரும்பாலும் சீரான வேகத்தில்தான் நடக்கும். ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கும்போது ஈ.சி.யூ. தன் நினைவில் உள்ள பழைய அட்டவணையைப் பார்த்தே பெட்ரோல் தெளிக்கும். காற்று அதற்கு மேல் வந்தால் கலவை மெலிந்துபோகும். மெலிந்த கலவையில் இன்ஜின் சூடேறும், விட்டுவிட்டு இழுக்கும், சைலன்ஸரில் 'பட்பட்' என்று வெடிக்கும்.

இதைச் சரிசெய்ய ஈ.சி.யூ. அட்டவணையை மாற்றி எழுதலாம், அல்லது துணைக் கம்ப்யூட்டர் ஒன்றை மாட்டலாம். டைனோவில் ஏற்றி, விஷயம் தெரிந்தவர் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை அது. ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் வண்டிக்குச் சரி. தினமும் வேலைக்குப் போகும் வண்டிக்கு அந்தச் செலவு எதற்கு?

செம்மண், மணல், நெல் தூசு

இதுவரை சொன்னதெல்லாம் 'லாபம் குறைவு' என்ற பேச்சு. நஷ்டம் எங்கே என்பதை அண்ணன் பேசிக் காட்டவில்லை. மருமகனின் வண்டியிலேயே காட்டினார்.

சீட்டைக் கழற்றி, பெட்டியைத் திறந்தார். ஃபில்டர் செம்மண் நிறத்தில் இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஃபில்டரை எடுத்துவிட்டு, அதற்குப் பின்னால் இன்ஜின் பக்கம் போகும் ரப்பர் குழாய்க்குள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தார். துணி சிவந்து வந்தது.

"யாரு தம்பி கடைசியா ஃபில்டர் மாட்டினது?"

"நான்தாண்ணே. வீட்லயே கிளீன் பண்ணேன்."

ஃபில்டரின் விளிம்பு பெட்டியின் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை. ஒரு மூலை மடிந்திருந்தது. அந்த இடைவெளி வழியாகச் செம்மண் தூசு நேராக உள்ளே போயிருக்கிறது. துணியைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. வீடியோவில் வந்தவர் அறுத்த ஓட்டை இதைவிட எத்தனை மடங்கு பெரிது!

மணலில் இருப்பது குவார்ட்ஸ். அது இன்ஜின் சிலிண்டரின் இரும்பைவிடக் கடினமானது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ஆயில் படலம் ஒரு சில மைக்ரான் கனம்தான். நம் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாத 10 மைக்ரான் தூசு அங்கே நுழைந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்க்கும். பிஸ்டன் ரிங் தேயும், சிலிண்டர் கீறும், ஆயில் குறையும், புகை வரும். அப்புறம் இன்ஜினைப் பிரித்துப் போரிங் செய்ய வேண்டியதுதான். இழுவைக்காக அறுத்த பெட்டி, இருந்த இழுவையையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

எங்கள் மாவட்டத்தில் தூசுக்குப் பஞ்சமே இல்லை. பண்ருட்டி முந்திரித் தோப்புகளின் செம்மண், கடற்கரை மணல், அறுவடைக் காலத்தில் சாலையிலேயே காயப்போடும் நெல்லின் தூசு, வேலை நடக்கும் சாலைகளின் புழுதி என்று எல்லா ரகமும் உண்டு. இங்கே ஓடும் வண்டிக்கு ஃபில்டர்தான் உயிர்க்கவசம்.

உலகத்திலேயே கடுமையான டக்கார் ராலியில் ஓடுபவர்களைப் பாருங்கள். 2024 டக்காரில், ஓசூர் டி.வி.எஸ். நிறுவனமும் பிரான்ஸின் ஷெர்கோவும் சேர்ந்து நடத்திய அணியின் வீரர், கேரளாவைச் சேர்ந்த ஹரித் நோவா, 'ராலி 2' பிரிவில் முதலிடம் பிடித்தார். அதே ஆண்டு ஹீரோ அணியின் ராஸ் பிராஞ்ச் ஒட்டுமொத்த பைக் பிரிவில் இரண்டாவதாக வந்தார். சக்திக்காக எதையும் செய்யத் தயாரான போட்டி அது. ஆனாலும் பாலைவன ராலிகளில் ஃபில்டரைத் தூக்கி எறிபவர் யாரும் இல்லை. எண்ணெய் தோய்த்த ஃபோம் ஃபில்டரை அடிக்கடி மாற்றுவார்கள், விளிம்பில் கிரீஸ் தடவி ஒரு துகள்கூட நுழையாதபடி மாட்டுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எக்ஸ்பல்ஸ் பைக்குக்கு ஹீரோ நிறுவனமே ஒரு 'ராலி கிட்' விற்றது. அதில் உயரமான சஸ்பென்ஷன், தட்டையான சீட், ஹேண்டில்பாரை உயர்த்தும் பாகம், மண் பாதை டயர், நீளமான சைடு ஸ்டாண்டு எல்லாம் இருந்தன. ஏர் பாக்ஸைத் தொடும் சமாச்சாரம் எதுவும் அதில் இல்லை. மண்ணில் நன்றாக ஓட்ட வேண்டும் என்றால் முதலில் எதை மாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வெள்ளம் வந்தால்?

தூசு மெதுவாகக் கொல்லும். தண்ணீருக்கு ஒரு நொடி போதும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது தென்பெண்ணையும் கெடிலமும் என்ன செய்தன என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015 வெள்ளத்தையும் யாரும் மறக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் பைக்கை ஓட்டிக்கொண்டு வருபவர்களை ஒவ்வொரு மழைக்கும் பார்க்கிறோம்.

ஸ்நார்க்கலின் வாயை உயரத்தில், வளைவாக, மறைவாக வைப்பது இதற்கும்தான். முன் சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் உள்ளே புகக் கூடாது. மூடியை அறுத்த பெட்டியில் அந்த மறைப்பு இல்லை. காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. ஓடும் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால், மேலே வரும் பிஸ்டன் அதன்மேல் மோதி அப்படியே நிற்கும். கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

அண்ணன் அலமாரியில் இருந்து ஒரு ராடை எடுத்து மேஜையில் வைத்தார். நேராக இருக்க வேண்டிய இரும்பு வில்போல வளைந்து கிடந்தது. "வெள்ளத்துல வந்த வண்டி தம்பி. நல்ல வண்டி" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, இவனும் கேட்கவில்லை.

வண்டி தண்ணீரில் நின்றுவிட்டாலோ விழுந்துவிட்டாலோ செய்ய வேண்டியது இதுதான். ஸ்டார்ட்டர் பட்டனைத் தொடாதீர்கள். தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வாருங்கள். ஏர் பாக்ஸின் அடியில் ஒரு சிறிய வடிகால் குழாய் இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால், ஆயிலை மாற்றாமல் ஓட்டவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக, ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சத்தம், புகை விதிகளை மீறினால் 190-வது பிரிவு தனியாக இருக்கிறது. முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ விதிக்கலாம். லைசென்ஸும் 3 மாதத்துக்கு முடங்கும்.

அதே பெட்டிக்குள், அதே அளவில், அதே இடத்தில் உட்காரும் வேறு கம்பெனி ஃபில்டர் ஆர்.சி. விவரம் எதையும் மாற்றுவதில்லை. ஆனாலும் வாரன்டி இருக்கும் வண்டி என்றால் அதன் விதிகளை முதலில் படித்துவிடுங்கள். பெட்டியை அறுத்துவிட்டு இன்ஜின் கோளாறுக்கு வாரன்டி கேட்டுப் போனால் பதில் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே?

அப்படியானால் என்ன செய்யலாம்?

வண்டியின் மூச்சைச் சீராக்க அண்ணன் சொன்ன வழிகள் இவை. பெரும்பாலும் சில நூறு ரூபாயில் முடிகிறவை.

1. சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரை நம்பி உட்கார வேண்டாம். மண் பாதையில் ஓட்டினால் அதற்கு முன்பே ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.

2. பேப்பர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. காற்றடித்துச் சுத்தம் செய்யும் ரகம் என்றால், உள்பக்கம் இருந்து வெளிப்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில் அடிக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் பேப்பர் ஃபில்டரில் காற்றும் அடிக்கக் கூடாது, மாற்றிவிட வேண்டும். உங்கள் வண்டியில் எது என்று சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

3. ஃபோம் ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவாதீர்கள். தீ ஆபத்து, ஃபோமும் கெடும். அதற்கென்று இருக்கும் கிளீனரிலோ சோப்புத் தண்ணீரிலோ அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் நன்றாகக் காய வைத்து, ஃபில்டர் ஆயில் தடவி மாட்டுங்கள். ஆயில் இல்லாத ஃபோம், ஓட்டை விழுந்த கொசுவலை மாதிரி.

4. மாட்டும்போது விளிம்பு முழுவதும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கிளாம்ப் இறுக்கமாக இருக்கட்டும். பிறகு ஒரு வாரம் ஓட்டிவிட்டு, வெள்ளைத் துணிப் பரிசோதனை செய்யுங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் நீங்கள் பாஸ்.

5. இழுவை குறைந்தால் ஃபில்டரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். டயரில் காற்று, காய்ந்த செயின், இறுகிப் பிடிக்கும் பிரேக், பழைய ஸ்பார்க் பிளக், தேய்ந்த கிளட்ச் எல்லாவற்றையும் வரிசையாகப் பாருங்கள்.

6. மண் ஏற்றத்தில் கூடுதல் இழுவைதான் ஆசை என்றால், பின் சக்கர ஸ்ப்ராக்கெட்டை மெக்கானிக் ஆலோசனையோடு ஓரிரு பல் பெரிசாக்கலாம். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் இழுவை நிச்சயம் கூடும். வாரன்டி விஷயத்தை இதற்கும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று மருமகனின் வண்டிக்குப் புது ஃபில்டர் போட்டார்கள். பின்னால் இருந்த ரப்பர் குழாயைத் துடைத்துச் சுத்தம் செய்தார்கள். கிளாம்பை இறுக்கினார்கள். செயினைக் கழுவி ஆயில் விட்டார்கள். இன்ஜினின் கம்ப்ரெஷனை அளந்து பார்த்த அண்ணன், "இன்னும் பெரிசா தேயல. நல்ல நேரத்துல வந்துட்ட" என்றார்.

திரும்பும்போது அவன்தான் ஓட்டினான், நான் பின்னால். கெடிலம் பாலம் தாண்டி, காலியான சாலையில் ஒருமுறை முறுக்கிப் பார்த்தான்.

"இழுக்குது மாமா" என்றான்.

"சத்தமே காணோமே?" என்றேன்.

சிரித்தான். ஆக்ஸா பிளேடைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே எழவில்லை. போன வாரம் வீட்டுக்கு வந்தவன், "மாமா, பழைய வெள்ளை வேட்டித் துணி ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.